ஈ, தா, கொடு

என் பெயர் எழிலரசி.
ழகரம் ஹீத்ரோவிலேயே நின்றுவிட்டது.
ஹார்ட்லிபூல் பள்ளிக்கூடத்தில், கழுத்து அட்டையில்,
நான் மிஸ் ஈ.

அது பூச்சியின் பெயர் என்று இவர்களுக்குத் தெரியாது.
பத்தாம் வகுப்பில் நான் மனப்பாடம் செய்த
இரண்டு மதிப்பெண் கேள்வியும் தெரியாது:
தாழ்ந்தவர் கேட்டால் ஈ,
ஒத்தவர் கேட்டால் தா,
உயர்ந்தவர் கேட்டால் கொடு.

ஐந்தாம் பாடவேளை. வெளியே கடற்காற்று,
மைதானத்தில் சிப்ஸ் பொறுக்கும் கடற்பறவைகள்.
உள்ளே ஒன்பதாம் வகுப்பு, அமிலமும் காரமும்.
கையை உயர்த்தி ஐந்திலிருந்து கீழே எண்ணினேன்,
பயிற்சியில் சொல்லித்தந்தபடி.
மூன்றுக்கு வந்தபோது
என் மூன்றை என் குரலிலேயே
யாரோ திருப்பிச் சொன்னார்கள்.
சிரிப்பு. நாற்காலிகள்.
தயவுசெய்து, என்றேன். மறுபடியும், தயவுசெய்து.
அமைதியை ஈ, என்றுதான் அதற்குப் பொருள்.

அப்போது கோலின் வந்தார்,
ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும் தள்ளுவண்டியோடு.
கோலின் ஆசிரியர் இல்லை. பீக்கர் கழுவுபவர்.
வருகைப் பதிவேட்டைத் திறக்கக்கூட
அவருக்குக் கடவுச்சொல் கிடையாது.
ஒன்றும் சொல்லவில்லை. வாயில் இருமல் மிட்டாய்.
வெளுத்த முகத்தோடு வாசலில் நின்றார், அவ்வளவுதான்.
அடுப்பை அணைத்த பால்போல
வகுப்பு இறங்கியது.
"எல்லாம் உங்களுடையது மிஸ்" என்று கண்சிமிட்டினார்.
நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்கு எனக்கு
வீட்டில் போட்ட பீட்ரூட் ஊறுகாய் தந்தவர்.
அதுதான் கஷ்டம்.

பதினோரு நிமிடம் இருந்தது அந்த அமைதி.
பிறகு கைமாற்று வாங்கிய பணம்போல
ஓரத்திலிருந்து கரைந்தது.
பின்வரிசையில் கைலும் ஜெம்மாவும்
லிட்மஸ் தாளை நாக்கில் ஒட்டிப் படம் எடுத்தார்கள்.
பார்த்தேன். பார்க்காதவள்போல் நடந்தேன்.
கைலின் அம்மா தொலைபேசியில் பேசும் விதம்
எனக்குத் தெரியும்.

ஜன்னலோரம் எக்ஸோசே, கோட்டோடு உட்கார்ந்திருந்தான்.
அந்த அறையில் வெள்ளையல்லாத இரண்டு பேரில் ஒருவன்.
மற்றது நான்.
கோட்டைக் கழற்று, என்றேன்.
"ஹீட்டர் ஓடலயே மிஸ்."
உண்மைதான். ஆய்வக மேலங்கிக்கு அடியில்
நானும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.
மஞ்சள் சீட்டில் எழுதினேன்: எதிர்த்துப் பேசினான்.
கையெழுத்து அழகாக வந்தது.
மேசை மேசையாக ஊ என்றார்கள், ரசித்து.
அன்று முதன்முறையாக
வகுப்பு என் பக்கம் இருந்தது.

செப்டம்பரில் என் முழுப்பெயரைக் கேட்டவன்
அவன் ஒருவன்தான்.
கதவருகே நின்று நாக்கை மடித்து மடித்து,
ழ ஏறக்குறைய வந்துவிட்டது.
அவன் பெயரின் கடைசி எழுத்தை
நான் இரண்டு மாதம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.
அவன் திருத்தவில்லை.

விருதுநகரில் பயிற்சி ஆசிரியையாக இருந்த வருஷம்
உள்ளே நுழைந்தாலே நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள்.
என் திறமை என்று நினைத்திருந்தேன்.
அப்பா பெயரின் வாலை ஊர் அறிந்திருந்தது.
கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்ற
எப்போதும் ஒரே பையனைத்தான் அனுப்புவேன்.
ஏன் அவனை என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.
அவன் பெயரை யோசிக்கிறேன்.
ம்ஹூம்.

மணி அடித்தது. கோலின் பீக்கர்களை அடுக்கியபடி,
"இன்னைக்கு ஊசி விழுந்தாக்கூடக் கேட்டிருக்கும்" என்றார்.
நன்றி, என்றேன்.

மூன்றரைக்கு டிடென்ஷன் அறைக்குப் போனேன்.
அங்கேயும் ஹீட்டர் ஓடவில்லை.
எக்ஸோசே கோட்டைக் கழற்றி
மடியில் மடித்து வைத்திருந்தான்.
அதன்மேல் மஞ்சள் சீட்டு.

கையை நீட்டிக் கேட்டேன்.
ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்.
எதைச் சொன்னேன் என்று
அவனுக்குத் தெரிய வழியில்லை.
அவன் என் கையைப் பார்க்கவில்லை.
என் தோளுக்குப் பின்னால்,
வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று
எட்டிப் பார்த்தான்.